பருத்திக்காட்டுப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் காடுகளில் பருத்தியும் மக்காச்சோளமும் வைத்துப் பிழைக்கிற அக்காமார்களே, தங்கச்சிமார்களே, அம்மாமார்களே,



இந்த மடலை உங்கள் வீட்டு ஆண்களுக்கு எழுதியிருக்கலாம். வேளாண் அதிகாரிகளுக்கோ பூச்சிமருந்துக் கடைக்காரர்களுக்கோ எழுதியிருக்கலாம். உங்களுக்கென்று எழுத ஒரு காரணம் இருக்கிறது. டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் ஆண். அதனால் மருந்தடிக்கிறவர் என்று யார் கணக்கெடுத்தாலும் அவரைத்தான் எண்ணுகிறார்கள். டப்பாவைத் திறந்து மூடியில் அளந்து வாளித் தண்ணீரில் ஊற்றிக் கலக்கியது யார்? டேங்க் காலியாகிற ஒவ்வொரு தடவையும் வரப்போரம் நின்று நிரப்பிக் கொடுத்தது யார்? அடித்த மறுநாள் காலையில் அதே செடிகளுக்கு நடுவே குனிந்து களை வெட்டியது யார்? அந்தக் கைலியையும் சட்டையையும் சாயங்காலம் கையால் கசக்கித் துவைத்தது யார்? வீடு திரும்பிய கையோடு பிள்ளைக்குப் பால் கொடுத்தது யார்? எந்தக் கணக்கிலும் வராத ஆட்கள் நீங்கள்தான். உங்களிடம் நான் கேட்கப்போவதும் ஒரு கணக்கைத்தான்.

தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஆந்திரப் பிரதேசத்தில், 2003-ஆம் ஆண்டுப் பருத்திப் பருவத்தில், மூன்று ஊர்களைச் சேர்ந்த 50 பெண்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொரு தடவை மருந்தடித்த பிறகும் தங்கள் உடம்புக்கும் தங்கள் வீட்டு ஆண்கள் 47 பேரின் உடம்புக்கும் என்ன ஆனது என்பதைப் படிவத்தில் தாங்களே குறித்துவந்தார்கள். கண் எரிந்ததா, தலை சுற்றியதா, கை நடுங்கியதா, வாந்தி வந்ததா, பார்வை மங்கியதா என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். 2005-இல் அந்தக் கணக்கு ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. நூறு தடவை மருந்தடித்தால் எண்பதுக்கும் மேற்பட்ட தடவைகளில் லேசாகவோ கடுமையாகவோ உடம்பு பாதிக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய பத்துக்கு ஒரு தடவை, நரம்பைத் தாக்கியதைக் காட்டும் அறிகுறிகள் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்து வந்திருந்தன. கலந்து கொடுத்து நிரப்பிக் கொடுத்த பெண்களுக்கு, அடித்த ஆண்களுக்கு இருந்த அதே அளவு ஆபத்து இருந்தது. நிலம் குறைந்த ஏழை விவசாயிகள் வசதியானவர்களைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இவ்வளவும் நடந்தும் அவர்களில் ஒருவர்கூட மருத்துவமனைக்குப் போகவில்லை.

கடைசியாகச் சொன்ன அந்த விவரத்தை இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் நம்புகிற அதிகாரிக்கு அந்தப் பருவத்தில் அந்த ஊர்களில் ஒன்றுமே நடக்கவில்லை. நமது ஊர்களிலும் அப்படித்தான் ஒன்றும் நடக்காமலே இருக்கிறது.

ஏன் போவதில்லை என்று உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். தலைசுற்றலுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போகும். மோர் குடித்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்து, வேப்ப நிழலில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்பார்கள். அப்படியே போனாலும், மருந்து பட்டது என்று சொன்னவுடன் மற்றவர்கள் பார்க்கிற பார்வை வேறு. குடித்துவிட்டு வந்திருக்கிறாள், வீட்டில் என்ன சண்டையோ என்று. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் அதற்கு மேல். நம் மாநிலத்தில் பூச்சிமருந்து என்றாலே தற்கொலை என்றுதான் காகிதத்திலும் பேச்சிலும் பதிந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ், புரபனோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்குத் தடை செய்ததே, அதற்குச் சொல்லப்பட்ட காரணமும் தற்கொலைத் தடுப்புத்தான். அந்தத் தடையை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் குடித்தவரைக் கொல்கிற மருந்து, கூலிக்கு அடித்தவரையும் கலக்கிக் கொடுத்தவரையும் என்ன செய்கிறது என்ற கேள்வி அந்த உத்தரவின் பேச்சில் எங்கும் எழவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

அந்தத் தடைக்கு முன்பே, 2017 அக்டோபரில் உங்கள் பக்கத்திலேயே அந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் மயங்கி விழுந்தார்கள். சிலர் இறந்தே போனார்கள். அதே பருவத்தில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலியாட்களும் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் படுத்தார்கள். இரண்டு இடங்களிலும் சொன்ன விளக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: கையுறை போடவில்லை, முகக்கவசம் கட்டவில்லை, காற்றுக்கு எதிரே நின்று அடித்தார்கள், செடி ஆளுயரம் வளர்ந்துவிட்டது. இறந்தவர்மீதே பழி விழுந்தது.

இந்தப் பழியை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து பூச்சிமருந்துகளுக்கென ஒரு நடத்தை நெறி வகுத்திருக்கின்றன. உடுத்த வசதியில்லாத, விலை கூடிய, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை இருந்தால்தான் கையாள முடியும் என்கிற மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதிலும் வெப்பமான நாடுகளின் சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் பயன்படுத்துகிற இடங்களில் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும் என்கிறது. புரட்டாசி வெயிலில், கரிசல் காட்டில், ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு எட்டு டேங்க் அடிக்க முடியுமா என்று அந்த நெறியை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். நம்மிடம் விற்கிறவர்கள் யோசிக்கவில்லை.

அந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் கேட்கப்போகும் காரியத்துக்கு அது தேவைப்படுகிறது. மோனோகுரோட்டோபாஸ், புரபனோபாஸ், குளோர்பைரிபாஸ் மூன்றும் ஆர்கனோபாஸ்பரஸ் வகை. நம் நரம்புகள் தசைக்குக் கட்டளை அனுப்ப ஒரு வேதிப்பொருளைச் சுரக்கின்றன. கட்டளை முடிந்ததும் அதைத் துடைத்தெடுப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. மருந்து அந்த நொதியைச் செயலிழக்க வைக்கிறது. துடைக்க ஆளில்லாமல் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் வேர்த்துக் கொட்டுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, கண்ணில் நீர் வழிகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, தொடைச் சதை தானாகத் துடிக்கிறது, கடைசியில் மூச்சு முட்டுகிறது. பூச்சியைக் கொல்வதும் இதே வழியில்தான். பூச்சிக்கும் நமக்கும் நரம்பு வேலை செய்கிற விதம் அவ்வளவு ஒத்திருக்கிறது.

மூச்சு வழியாகத்தான் உள்ளே போகிறது என்று பலரும் நினைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தைரியமாக நிற்கிறார்கள். உண்மையில் காட்டு வேலையில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான் நுழைகிறது. முன்னங்கைத் தோலைவிட நெற்றித் தோலும் தலைத் தோலும் ஏறத்தாழ நான்கு மடங்கு உறிஞ்சும். இடுப்புக்குக் கீழே, மடிப்புள்ள இடங்களில் அது இன்னும் அதிகம். ஈரச்செடி உரசி நனைந்த பாவாடையோடு பொழுது சாயும்வரை வேலை செய்கிற பெண்ணின் உடம்புக்குள் எவ்வளவு போகும் என்பதைக் கணக்கிடுங்கள். மூக்கில் கட்டிய துண்டுகூட, வேர்வையிலும் சாரலிலும் நனைந்த பிறகு, மருந்தை முகத்தோடு ஒட்டவைக்கிற துணியாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. செயலிழந்த நொதி ஒரே நாளில் மீளாது. இரத்தச் சிவப்பணுக்களில் அது நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் மெல்ல ஏறும். பத்து நாளைக்கு ஒரு தடவை மருந்தடித்தால், பழையது மீள்வதற்குள் புதியது விழுகிறது. முதல் அடிப்பில் ஒன்றும் தெரியாதவருக்கு நான்காவது அடிப்பில், அதே அளவில், மயக்கம் வருவது இதனால்தான். அப்போது பக்கத்தில் இருப்பவர்கள், "எத்தனையோ வருசமா அடிக்கிறான், இன்னைக்கு மட்டும் என்ன?" என்கிறார்கள். சாப்பிடாமல் போனதால் என்கிறார்கள். வெயில் என்கிறார்கள்.

வெயிலாகவும் இருக்கலாம். பசியாகவும் இருக்கலாம். அதை நான் மறுக்கப்போவதில்லை. தலைவலி வந்ததெல்லாம் மருந்தால்தான் என்று சொன்னால் நம்மை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. எது வெயில், எது மருந்து என்று பிரித்துச் சொல்லக் கணக்கு வேண்டும். மருந்தடிக்காத நாளில் எத்தனை பேருக்குத் தலை சுற்றியது, அடித்த நாளில் எத்தனை பேருக்கு? பருத்திக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு எப்படி, நூறு நாள் வேலையில் அதே வெயிலில் மண் வெட்டியவர்களுக்கு எப்படி? இதை ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. 1998-இல் மெக்சிகோவின் சோனோரா மாநிலத்தில் எலிசபெத் கில்லட் என்ற மானிடவியலாளர் யாக்கி பள்ளத்தாக்குக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பள்ளத்தாக்கில் மருந்தடிப்பு மிகுதி. மலையடிவார ஊர்களில் அது மிகக் குறைவு. இரு பக்கத்துக் குழந்தைகளும் நான்கைந்து வயதுக்காரர்கள், ஒரே இனத்தவர். பந்து பிடிக்கச் சொன்னார், குதிக்கச் சொன்னார், ஒரு மனிதரை வரையச் சொன்னார். மலையடிவாரக் குழந்தைகள் தலை, கை, கால், கண் எல்லாம் வைத்து மனிதரை வரைந்தார்கள். பள்ளத்தாக்குக் குழந்தைகளில் பலரின் தாளில் கிறுக்கல்தான் இருந்தது. அந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டது தாளும் பென்சிலும் பந்தும், பொறுமையாக உட்கார்ந்து குறித்துக்கொண்ட ஒருவரும். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகியிருக்கிறது என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எளிய கருவிகளைக் கொண்டு கவனமாகக் கேட்டாலும் உலகம் காது கொடுக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் காசர்கோடு சாட்சி. கேரளத்தின் அந்த வடகோடி மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள்மீது 1970-களின் பிற்பாதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். கீழே வீடுகள், கிணறுகள், ஓடைகள், பள்ளிக்கூடங்கள். கன்றுகள் ஊனமாய்ப் பிறக்கின்றன என்று பத்திரிகையாளர் ஸ்ரீபத்ரே ஆரம்பத்திலேயே எழுதினார். பத்ரே ஊரின் மருத்துவர் மோகன்குமார், தன்னிடம் வருகிறவர்களுக்கு இப்படியெல்லாம் நோய் வருவது இயல்பல்ல என்று கவனித்துக் குறித்துவைத்தார். வேளாண்துறை ஊழியரான லீலாகுமாரி அம்மா வழக்குப் போட்டுத் தெளிப்புக்குத் தடை வாங்கினார். கைவிரலில் எண்ணிவிடக்கூடிய இந்தச் சிலரின் பிடிவாதம் இல்லாவிட்டால் அந்த ஊர்களின் கதை வெளியே வந்திருக்காது. வந்த பிறகும் என்ன நடந்தது? ஒரு குழு மருந்துதான் காரணம் என்றது. இன்னொரு குழு நிரூபணம் இல்லை என்றது. தெளிக்கத் தொடங்குவதற்கு முன் அங்கே எத்தனை குழந்தைகள் எப்படிப் பிறந்தார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. எந்த நாளில், எந்தக் கிணற்றின் மேல், எவ்வளவு விழுந்தது என்ற கணக்கும் இல்லை. இருபது வருடத்துக்கு மேற்பட்ட வாழ்க்கையை வாய்ச்சொல்லாகத்தான் அவர்கள் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பானை நிறுத்தியது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் மூன்று மாதத்தில் கொடுக்கச் சொன்னது 2017-இல். அதன்பிறகும், பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லித் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரத்து வீதியில் உட்கார வேண்டியிருந்தது.

யவத்மாலுக்குத் திரும்புவோம். அங்கே ஒரு வித்தியாசம் இருந்தது. 2017-இல் பாதிக்கப்பட்டவர்களில் பலர் பயன்படுத்திய மருந்தின் பெயர் போலீஸ் பதிவிலும் காகிதங்களிலும் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காகிதங்களை வைத்துத்தான் 2020-இல், சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் மீது 51 குடும்பங்கள் அந்நாட்டிலேயே முறையிட முடிந்தது. இறந்துபோன இருவரின் மனைவிமாரும், பிழைத்த ஒருவரும் தனியே இழப்பீடு கேட்டு அங்கே சட்ட நடவடிக்கையில் இறங்கினார்கள். நிறுவனம் பொறுப்பை மறுக்கிறது. வழக்கின் போக்கு எப்படியோ போகட்டும். பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவரின் மனைவி கடல் கடந்த ஒரு நாட்டின் வாசலில் போய், என் புருசனுக்குப் பதில் சொல் என்று கேட்க முடிந்ததென்றால், டப்பாவின் பெயரை யாரோ ஒருவர் எழுதிவைத்ததால்தான் முடிந்தது. பெரம்பலூரில் இறந்தவர்களின் வீட்டில் அப்படி எழுதிய தாள் எத்தனை இருக்கிறது?

ஆக, என் வேண்டுகோளுக்கு வருகிறேன். இந்த ஆண்டுப் பருத்திப் பருவம் முழுக்க, ஊருக்கு ஒரு நோட்டு வையுங்கள். உங்களிடம் ஏற்கெனவே மகளிர் குழு இருக்கிறது. வாரம் கூடிச் சந்தாவும் கடன் தவணையும் எழுதுகிறீர்கள். ஒரு ரூபாய் குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிற கணக்கு உங்கள் கணக்கு. அதே கையால், அதே கூட்டத்தில், இதையும் எழுதுங்கள். விதைக்கிற ஆவணியில் தொடங்கி, கடைசிப் பருத்தி எடுத்து முடிக்கிறவரை.

என்ன எழுதுவது? தேதி, எந்தக் காடு, என்ன பயிர், எந்தப் பூச்சிக்காக என்பதெல்லாம் எளிது. மருந்தின் பெயரில்தான் கவனம் வேண்டும். கடைப்பெயர் போதாது. ஒரே மருந்து பத்துப் பெயரில் வருகிறது. லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரையும் அதன் சதவீதத்தையும் எழுதுங்கள். எழுத்து புரியாவிட்டால் பிள்ளைகளை விட்டு செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சாய்சதுரத்தில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைக் கட்டாயம் குறியுங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அதில் மண்டையோட்டுக் குறியும் இருக்கும். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சைகூட நஞ்சு இல்லை என்று பொருள்படாது. சோதனை விலங்கைக் கொல்ல அதிக அளவு தேவைப்பட்டது என்று மட்டும்தான் பொருள். இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடித்தால் அத்தனை பெயரும் எழுத வேண்டும். 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடியதிலிருந்து இந்தக் கலவைப் பழக்கம் எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். தனித்தனியாக அனுமதி பெற்ற மருந்துகள்தான் அவை. இஷ்டத்துக்குச் சேர்த்தால் உடம்புக்குள் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்து நமக்கு விற்கவில்லை.

யார் கலக்கினார், யார் அடித்தார், யார் நிரப்பிக் கொடுத்தார், பக்கத்துக் காட்டில் அந்த நேரம் யார் களை வெட்டிக்கொண்டிருந்தார், காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதையும் எழுதுங்கள். அடித்து எத்தனை மணி நேரம் கழித்து யார் அந்தக் காட்டுக்குள் போனார் என்பது ரொம்ப முக்கியம். உடம்புக்கு வந்ததை அன்றும் மறுநாளும் கேட்டுக் குறியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் ஒரு மனித உருவத்தை வரைந்து கொடுங்கள். எரிந்த இடத்திலும் வலித்த இடத்திலும் அவரே புள்ளி வைப்பார். ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்றே எழுதுங்கள். மருந்தடிக்காத நாட்களிலும் வாரம் ஒரு தடவை அதே கேள்விகளைக் கேட்டு எழுதுங்கள். மேலே சொன்ன ஒப்பீட்டுக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. ஆடு மாடு செத்தது, தேனீ கொத்துக் கொத்தாய் விழுந்தது, குட்டையில் மீன் மிதந்தது என்றாலும் எழுதுங்கள். ஒன்றையும் கூட்ட வேண்டாம். பொய்யாகச் சேர்த்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த நோட்டையும் தூக்கி எறிய ஆட்கள் காத்திருப்பார்கள்.

பயமும் இருக்கும். கூலிக்குப் போகிறவர்கள், நோட்டில் பெயர் வந்தால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுவார்கள். அவர்களுக்குப் பெயர் வேண்டாம், எண் போடுங்கள். எந்த எண் யார் என்பது குழுவில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். சொந்தக் காடு வைத்திருக்கிறவர்கள், இது எங்களுக்கு எதிரான வேலை என்று நினைக்கக்கூடும். அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். கடைக்காரர் கடனுக்குக் கொடுக்கிறார். அதனால் அவர் எடுத்துக் கொடுப்பதுதான் மருந்து, அவர் சொல்வதுதான் அளவு. பருத்தி விற்று வரும் பணத்தில் முதல் பங்கு அந்தக் கடனுக்கே போகிறது. இரண்டு ஏக்கர்க்காரர் மருந்தைத் தானே அடிக்கிறார், தானே முகர்கிறார், தன் மனைவியை விட்டுக் கலக்கச் சொல்கிறார். எந்த மருந்து எத்தனை தடவை அடித்தும் காய்ப்புழு போகவில்லை என்பதும் அதே நோட்டில் வரும். அது அவருக்கும் வேண்டிய கணக்குத்தான்.

நோட்டை எழுதிப் பீரோவில் வைத்தால் பயனில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. அதில் இரண்டு கூட்டங்களை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தடிப்பு மும்முரமாவதற்கு முன் வருகிற அக்டோபர் 2 கூட்டத்தில் ஒரு தீர்மானம். பருத்தி எடுக்கிற தையில் வருகிற ஜனவரி 26 கூட்டத்தில் உங்கள் நோட்டு.

அக்டோபர் 2 தீர்மானத்தில் என்ன கேட்பது? சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டாலே போதும். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, மருந்தைப் பயன்படுத்துவதாலோ கையாளுவதாலோ ஏற்படுகிற நஞ்சேற்றம் ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று யாருக்கும் ஆணையிடுகிற அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்படி ஆணை வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்திருந்தால், போன பருவத்தில் எத்தனை பேரைப் பற்றித் தெரிவித்தீர்கள் என்று கேளுங்கள். வரவில்லையென்றால், மருத்துவரும் கிராம சுகாதார செவிலியரும் தெரிவிக்கும்படி ஆணை போடுங்கள் என்று அரசைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். குடித்தவர் தனி, வேலையில் பட்டவர் தனி என்று பிரித்து எழுத வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. அதே சட்டத்தின் கீழ் வந்த 1971-ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்து தயாரிக்கிற ஆலையில் வேலை செய்பவருக்கு, அது ஆர்கனோபாஸ்பரஸ் அல்லது கார்பமேட் வகையானால், மாதாமாதம் கோலினெஸ்டரேஸ் பார்க்க வேண்டும். மருந்தடிப்பில் ஈடுபடுத்தப்படுகிறவருக்கு வேலைக்கு முன்னும் பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையும் மருத்துவப் பரிசோதனை உண்டு என்று அதே விதி சொல்கிறது. ஆலையில் மூடிய குழாய்க்குள் ஓடுகிற மருந்துக்கு மாதாமாதம் பரிசோதனை. காட்டில் கால்வழியே ஓடுகிற மருந்துக்கு உங்களில் யாருக்காவது ஒரு தடவையாவது பார்த்திருக்கிறார்களா? பருவம் தொடங்குமுன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை என்று கேளுங்கள். முதல் தடவைதான் அதி முக்கியம். ஒவ்வொருவருக்கும் இந்த நொதியின் இயல்பளவு வேறுபடும். நல்ல நாளில் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல், மயங்கி விழுந்த நாளில் மட்டும் பார்த்தால் எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வாசலுக்கே வந்து பிபியும் சுகரும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். கடைசியாக எப்போது மருந்து கலக்கினாய், மறுநாள் எப்படி இருந்தது என்ற கேள்வியை அவர்களில் யாராவது உங்களிடம் கேட்டதுண்டா? கேட்கச் சொல்லுங்கள்.

ஊருக்குள்ளேயே செய்து கொள்ளக்கூடியதும் ஒன்று இருக்கிறது. மருந்தடிக்கப்போகிறவர் முந்தின நாளே அக்கம்பக்கத்துக் காட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். அடித்த காட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும். துணி அவிழ்க்கிறவரை களைவெட்டவோ பருத்தி எடுக்கவோ ஆள் இறக்கக்கூடாது. மாசமாக இருக்கிறவர்களையும் பால் கொடுக்கிறவர்களையும் கலக்க விடக்கூடாது. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சபையில் பேசி முடிவு செய்து அன்றே தொடங்கலாம்.

ஜனவரி 26 அன்று நோட்டைக் கொண்டுபோகும்போது, அதிலிருந்து ஒரே தாளில் கூட்டல் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்: எத்தனை தடவை மருந்தடிப்பு, எத்தனை தடவை உடம்புக்கு வந்தது, அதில் எந்த மருந்து அதிகம், எத்தனை பேர் ஆஸ்பத்திரி போனார்கள். அதைச் சபையில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். மூல நோட்டை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நகல் எடுத்துக் கொடுங்கள். நகலை வேளாண் உதவி இயக்குநருக்கும், வட்டார மருத்துவ அலுவலருக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரில் அண்ணன் வீடோ நாத்தனார் வீடோ இருந்தால், அந்த ஊர்க் குழுவிடமும் இந்த மடலைப் படித்துக் காட்டுங்கள். ஓர் ஊரின் நோட்டை அதிகாரிகள் தட்டிக்கழிக்கலாம். ஒரு வட்டாரத்தில் இருபது ஊர் நோட்டுகள் ஒரே மாதிரி எழுதி வந்து நின்றால், அவற்றைப் படித்துத்தான் ஆக வேண்டும். முதல் பக்கத்தில் ஊர்ப்பெயரையும் பருவத்தையும் எழுதி, இந்த வாரக் குழுக் கூட்டத்திலேயே தொடங்குங்கள்.

மிகுந்த அன்புடனும் நம்பிக்கையுடனும்,
பருத்திக்காட்டு வீட்டில் பிறந்த உங்களில் ஒருத்தி